இட்லிப் பானைக்குள் ஒரு ரூபாய்

1

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், காலை ஒன்பதரை மணி இருக்கும். என் வீட்டுக்காரர் அடுப்பில் இட்லிப் பானையை வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மலரு, இதென்ன சத்தம்?"

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் ஓடுவதைச் சொல்கிறாரா, பக்கத்து வீட்டுக்காரன் இலை ஊதுகிற மிஷினைச் சொல்கிறாரா என்று காது கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் அன்றைக்கு ஓடவில்லை.

"எந்தச் சத்தமுங்க?"

"இதா, லொட லொடன்னு. பானைக்குள்ள இருந்து வருது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சுந்தரம் முகத்தை மாற்றாமல் கேலி பேசுவதில் கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன். "எங்கப்பன் உள்ள உக்காந்து கதவத் தட்டறாரு, போய்த் தொறந்து விடுங்க," என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். பாதி வெந்த இட்லித் தட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். கரண்டியை உள்ளே விட்டுத் துழாவினார்.

"உள்ள காசு கெடக்குது மலரு. ஆரு போட்டது?"

பத்து நிமிடத்துக்கு முன் அந்தக் காசைப் போட்டவர் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறவரும் அவர்தான். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2

எலக்ட்ரிக் குக்கரில் இட்லி அவிக்கிற தலைமுறைக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். இட்லிப் பானையின் அடியில் தண்ணீர் ஊற்றி, பானை கறுக்காமலிருக்கத் துளி புளியைப் போட்டு, கூடவே ஒரு காசையும் போடுவார்கள். தண்ணீர் கொதிக்கும்போது காசு அடியில் குதித்து லொடலொடவென்று சத்தம் போடும். மூடியைத் திறந்து ஆவியை வீணாக்காமலே உள்ளே தண்ணீர் இருப்பது தெரிந்துவிடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் அப்பா கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டிபன் கடை வைத்திருந்தார். மேசை நான்கு, பெஞ்சு எட்டு. நான் பள்ளிக்கூடம் கிளம்பும் வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு ஒரே ஒரு வேலை உண்டு. இட்லி வேகும் கொப்பரையில் காசுச் சத்தம் நின்றால் "அப்பா, தண்ணி" என்று கத்த வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும்போதும் என் ஒரு காது அந்தக் கொப்பரையில்தான் இருக்கும். பாடத்தில் கோட்டை விட்டிருக்கிறேன், தண்ணீரில் விட்டதில்லை.

நாங்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது அப்பா ஒரு நாலு தட்டு இட்லிப் பானையை வாங்கி, அதற்குள் பழைய கனத்த ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் போட்டு, என் கையில் கொடுக்காமல் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "இவ சத்தங் கேட்டே வளந்தவ. நீங்கதான் பழகிக்கோணும். காசு பேசற வரைக்கும் ஒண்ணும் பயமில்லீங்க மாப்ள," என்றார். கரூர்க்காரரான என் வீட்டுக்காரருக்கு அதுவரை சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது. எஞ்சினியர் அல்லவா, பானையின் உட்புறத்தில் தண்ணீர் அளவுக்கு ஆணியால் ஒரு கோடு கீறினார், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் எண்ணினார். ஐசலினில் நாங்கள் இருந்த முதல் அபார்ட்மென்டிலேயே ஞாயிற்றுக்கிழமை இட்லி அவருடைய இலாகா ஆகிவிட்டது. நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கவனிக்கும் பழக்கமும் என்னிடமிருந்து மெல்லப் போய்விட்டது.

3

இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது முதல் தடவை இல்லை. தீபாவளிச் சமயத்திலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் போய்வந்த டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எங்கள் வீட்டுக்கு இறங்கும் எக்ஸிட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டு, "டிராஃபிக் பாத்தியா" என்று வந்து நின்றார். ஆபீஸ் மீட்டிங்கில் வெள்ளைக்கார மேனேஜர் ஏதோ கேட்டதற்கு, "சரிங்க, பண்ணிரலாமுங்க" என்று தமிழிலேயே பதில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டில் அதை என்னிடம் சொல்லி அவரும் சிரித்தார். ஆனால் தமிழில் பேசுகிறோம் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேறு மாநிலத்தில், பிளானோவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா, ஆபீஸ் முடிந்து டோல்வேயில் கார் ஓட்டி வரும்போது கூப்பிடுவாள். அவள் இங்கிலீஷில் பேசுவாள், அவர் தமிழில் பேசுவார். ரெண்டு வயதில் இங்கே வந்த பெண், தமிழ் புரியும், வாயில் வராது. இருபது வருடம் இப்படித்தான் ஓடியது. இந்தக் குளிர்காலத்தில் அவர், "நெட்வொர்க் சரியில்ல கண்ணு, அம்மாகிட்டப் பேசு," என்று போனை என்னிடம் தள்ள ஆரம்பித்தார். வாங்கிப் பார்த்தால் அவள் குரல் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஏன் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். குடியேற்ற ஆபீசில் இருக்கும் எங்கள் ஃபைல்தான் காரணம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். கிரீன் கார்டுக்காக நாங்கள் பதினான்கு வருடம் காத்திருந்தோம். அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் ஒரே சட்டம், ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டும். வேகமாக ஓட்டி டிக்கெட் வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் போலீசைக் கூப்பிட்டு நம் பெயர் எதிலும் வரக் கூடாது. ஒரு தடவை எனக்கு மயக்கம் வந்து குளியலறையில் விழுந்தேன். எமர்ஜென்சிக்குப் போனால் ஏதாவது பேப்பரில் ஏறிவிடுமோ என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். யாரும் எங்களிடம் அப்படி இருக்கச் சொல்லவில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. பயம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நாங்களும் நல்ல பிள்ளைகளாகக் கற்றுக்கொண்டோம்.

கிரீன் கார்டு வந்து வருடங்கள் ஓடி, சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணினோம். பிப்ரவரியில் இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றி வாயால் கேட்பார்கள், வாயால் பதில் சொல்ல வேண்டும். என் தேதி முன்னாலேயே வந்து, நான் போய் முடித்துவிட்டேன். அவருடைய தேதி இனிமேல்தான். அதுவரை ஒரு டாக்டரும் ஒரு காகிதத்திலும் எதையும் எழுதிவிடக் கூடாது என்று முடிவு பண்ணினேன். நானேதான் முடிவு பண்ணினேன், அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லி வேகும் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்பேன். செனட்டில் எத்தனை பேர்? "நூறு." ஜனாதிபதிக்கு எத்தனை வருடம்? "நாலு." டக்டக்கென்று வரும். முந்தின நாள் சாயந்தரம் யார் வீட்டுக்குப் போனோம் என்று நடுவில் நுழைத்துக் கேட்டால், "இது அந்தப் புக்குல இல்லியே," என்று சிரிப்பார். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள். நான் அதை நம்பத் தயாராக இருந்தேன்.

4

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் லஞ்ச் எய்ட். பிள்ளைகள் சாப்பிடும்போது சண்டை போடாமல் பார்ப்பது, பால் டப்பா திறந்து கொடுப்பது, கீழே கொட்டியதைத் துடைப்பது என் வேலை. ஊரில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதை அந்தத் துடைப்பத்திடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

என்னோடு வேலை செய்கிறவள் லூப்பே. மெக்சிகோக்காரி, அறுபதை நெருங்குகிறவள். அவளுடைய இங்கிலீஷும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. அதனாலேயே எங்களுக்குள் எல்லாம் புரியும்.

அந்தக் காசு விஷயம் நடந்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் எல்லா நாட்டு உணவு விழா. என்னை இட்லி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவே அவர் இறக்கி வைத்த பானையில் விடியலில் நானே அவித்து, ஹாட்பேக்கில் அடுக்கிக்கொண்டு போனேன். என்னை நிறுத்திய மேசையில் இருந்தவை எல்லாமே ஆவியில் வெந்தவை. ஒரு சீனத்து அம்மா மூங்கில் கூடையோடு வெள்ளை வெளேரென்று பாவோ என்கிற மாவு உருண்டைகள் கொண்டுவந்திருந்தாள். எடிசனிலிருந்து வந்த குஜராத்தி ஆன்ட்டி டோக்ளா. லூப்பே சோளமாவைச் சோளத்தோலில் பொதிந்து அவித்த தமாலே. தோலைப் பிரித்தபோது வந்த ஆவியில் எனக்கு இலைக் கொழுக்கட்டை ஞாபகம் வந்தது. எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, பல் போனவனும் பல் முளைக்காததும் சாப்பிடலாம். உலகத்தில் எங்கெங்கோ இருந்துகொண்டு எல்லா அம்மாக்களும் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள் என்று அன்று தோன்றியது. பிள்ளைகள் என்னவோ பீட்சா மேசையில்தான் வரிசையில் நின்றார்கள்.

தண்ணீர் வற்றுவது எப்படித் தெரியும் என்று பேச்சு வந்தது. சீனத்து அம்மா பக்கத்திலேயே கெட்டிலில் வெந்நீர் வைத்துக்கொண்டு அடிக்கடி எட்டிப் பார்ப்பாளாம். லூப்பே சொன்னாள்: "நாங்க பானை அடில ஒரு காசு போடுவோம். பாடிக்கிட்டே இருக்கும். பாட்டு நின்னா தண்ணி ஊத்தணும்."

"எங்க ஊர்லயும் அதான், எங்க ஊர்லயும் அதான்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து, என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியையும் சொல்லித் தொலைத்தேன்.

லூப்பே கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததாம்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"இன்டர்வியூ முடியட்டும்னு இருக்கேன். பேப்பர்ல ஏறிடுச்சுன்னா?"

"ஏறட்டும். அதுக்குன்னே ஒரு ஃபார்ம் இருக்கு. இவருக்குப் பரீட்சை வேண்டாம்னு டாக்டர் எழுதிக் குடுப்பார். எங்கப்பாவுக்கு அப்படித்தான் வாங்கினோம். மறதி ஒண்ணும் குத்தம் இல்ல, மலர்."

நான் தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. அவளுடைய அப்பாவுக்கு எண்பது வயது இருந்திருக்கும். இவருக்கு ஐம்பத்தெட்டு. இவர் இன்னும் வேலைக்குப் போகிறவர். அந்த ஃபார்மில் எழுதினால் அது ஃபைலோடு நிற்குமா, அவருடைய ஆபீசுக்குப் போகாதா? லூப்பே சொன்னதைக் காதில் வாங்கி, பயத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5

அடுத்த ஞாயிறு. காலையில் நான் மாடியில் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஷவரை நிறுத்தியதும் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. ஈரத் தலையோடு கதவைத் திறந்து நின்று கேட்டேன். கீழே எந்தச் சத்தமும் இல்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து "அப்பா, தண்ணி" என்று வந்தது. சொல்லி முடிப்பதற்குள் ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கியது.

இறங்கி ஓடினேன். சமையலறை முழுக்கப் புகை. பானையின் அடி சிவந்துபோய், உள்ளே இட்லித் துணி கருகிக்கொண்டிருந்தது. அவர் அடுப்புக்கு ஓரடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடவில்லை, பதறவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். அலாரத்தைப் பார்த்து, "இதை நிறுத்தச் சொல்லு மலரு," என்றார்.

காசு சிங்க் ஓரத்துக் கிண்ணத்தில் இருந்தது. போன வாரம் அவர் எடுத்து வெளியே போட்டதை நான்தான் கழுவி அங்கே வைத்திருந்தேன்.

எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் அலாரம் அடித்தால் தகவல் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும். ஜன்னல்களைத் திறந்து முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. தலைக்கவசம் போட்ட இளைஞன் ஒருவன், மரியாதையானவன், அவரிடம் பெயரும் விலாசமும் கேட்டான். அவர் பெயரைச் சொன்னார். பிறகு தயங்காமல், எண்ணோடு, தெருவோடு, ஜிப் கோடோடு, ஐசலின் அபார்ட்மென்டின் விலாசத்தைச் சொன்னார். நாங்கள் அதைக் காலி செய்து பதினைந்து வருடம் ஆகிறது.

அந்தப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"பழைய விலாசம். பதற்றத்துல சொல்றார்," என்றேன். "அடுப்புல வச்சது நான். குளிக்கப் போயிட்டேன். என் தப்பு."

அவன் அதை எழுதிக்கொண்டான். காகிதத்தில் அவர் பெயரில் ஒன்றும் ஏறவில்லை. அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் கருகிய பானையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் இன்னும் ஐந்து நிமிடம் குளித்திருந்தால் என்ற யோசனை அதற்கப்புறம் என்னை விடவே இல்லை.

6

அன்று சாயந்தரம் நித்யா கூப்பிட்டாள். பாதியை மறைத்துப் பாதியைச் சொன்னேன். அப்பா இட்லிப் பானையைத் தீய விட்டுவிட்டார் என்று.

"அம்மா, எவ்ரிபடி பர்ன்ஸ் ஸ்டஃப். ஹி இஸ் ஜஸ்ட் டயர்ட். யூ ஆர் ஓவர்திங்கிங்." அப்புறம், "இஸ் அப்பா மேட் அட் மீ? ஹி நெவர் டாக்ஸ் டு மீ எனிமோர்," என்றாள்.

அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை கண்ணு, நீ பேசும் பாஷை அவரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. "நெட்வொர்க் சரியில்லடா," என்றேன். அவர் சொல்லும் பொய்யையே நானும் சொன்னேன். அவள் "ஓகே" என்றாள். அந்த ஓகேயில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்டது.

7

போன வாரம் பள்ளிக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய்ப் புதிதாக ஓர் இட்லிப் பானை வாங்கி வந்தேன். அவர் மாடியில் லேப்டாப் முன்னால் இருந்தார்.

பானை வைக்கும் இடம் அடுப்புக்கு மேலே, உயரமான அலமாரியில். நான் குள்ளம். அந்த அலமாரியை எப்போதும் அவர்தான் திறப்பார். அன்று முக்காலியைப் போட்டு ஏறி நானே கதவைத் திறந்தேன்.

கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் தொங்கியது. மேலே ஒட்டியிருந்த டேப் ஒரு பக்கம் ஆவி பட்டு விட்டுப்போய், தாள் தன்மேலேயே மடிந்து கிடந்தது. எழுத்து வெளியே தெரியாதபடி மடிந்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து. நீல மையில், அந்தக் காலத்து எஞ்சினியரிங் டிராயிங் எழுத்து மாதிரி ஒழுங்காக:

கோடு வரை தண்ணீர்.
புளி கொஞ்சம்.
காசு போட வேண்டும்.
காசு சத்தம் போட்டால் தண்ணீர் இருக்கிறது.
சத்தம் நின்றால் உடனே அடுப்பை அணை.
பத்து நிமிடம்.

நீல மை மங்கிப் போயிருந்தது. டேப்பும் பழுப்பேறி, அதன் மேல் இன்னொரு டேப், அதற்கும் மேல் இன்னொன்று. நான் தீபாவளி தீபாவளி என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, இந்தத் தாள் அதற்கு எவ்வளவோ முந்தியது.

அடியில் கறுப்பு மையில் இன்னும் இரண்டு வரி. இந்த எழுத்து கோணியிருந்தது, மேடும் பள்ளமுமாகப் போனது.

மலருக்குத் தெரிய வேண்டாம்.
இன்டர்வியூ முடியட்டும்.

முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரே ஃபைலுக்காக இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம். அவர் தனியாக இந்தக் கதவைத் திறந்து ஒவ்வொரு ஞாயிறும் படித்திருக்கிறார். டேப் விட்டுப்போன வாரம்தான் என்னிடம் அது என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா, அந்த இன்டர்வியூ கடிதத்தின்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு அவர் இறங்கி வந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேனுங்க."

சுவரில் சாய்ந்துகொண்டார். "உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"தீபாவளில இருந்து. உங்களுக்கு?"

"போன வருசம்... இல்ல, அதுக்கு மிந்தி. நித்யா காலேஜ் முடிச்சப்போ. அவ பேர் கூப்புடறாங்க, எல்லாருங் கை தட்டறாங்க, எனக்கு எதுக்கு வந்திருக்கோம்னு ஒரு நிமிசம் வெளங்கல. நானுங் கை தட்டுனேன்."

அன்றைக்கு எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பே. பேப்பர்ல ஏறியிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "நீ ஏன் சொல்லல?"

தாளின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

பதினோரு மணிக்கு டாக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். என்ன பிரச்சினை என்று கேட்டாள் போனை எடுத்த பெண். "மெமரி," என்றேன். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அவரும், தீபாவளியிலிருந்து நானும் ஒளித்து வைத்திருந்தது ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். அவரைப் பார்த்தேன். அவர் நித்யாவின் படத்தைக் கையால் காட்டினார். வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை இன்டர்வியூ. அதற்கு முன்னால் பேப்பரில் ஏறப் போகிறது. ஏறட்டும். லூப்பேயிடம் அந்த ஃபார்மின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். இன்டர்வியூவைத் தள்ளி வைப்பார்களோ, ஆபீசில் என்ன சொல்வார்களோ, எனக்கு ஒன்றும் தெரியாது. நித்யாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பாகிட்ட குடும்மா," என்று உடைந்த தமிழில் கேட்டாள். அவர் போனை வாங்கிக்கொண்டார், நெட்வொர்க்கைப் பற்றிப் பேசவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறாள்.

8

இன்று ஞாயிறு. அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், அவர் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறேன். கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டேன். அவற்றுக்குக் கீழே என் கையெழுத்தில், "சத்தம் நின்றால் மலரைக் கூப்பிடு" என்று எழுதினேன்.

புதுப் பானைக்கும் ஆணியால் கோடு கீறிக்கொடுத்தார். கோடு கொஞ்சம் கோணல். தாளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றினார், புளி போட்டார், அப்பா கொடுத்த ரூபாயைப் போட்டார். தலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட ரூபாய். நான் உதவிக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி, ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. லொட லொட லொட. அவர் பானையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தாள் அவர் முகத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. நான்கு நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"மலரு, இதென்ன சத்தம்?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"தண்ணி இருக்குதுங்க," என்றேன். "இன்னும் தண்ணி இருக்குது."